புதுப்பிப்பு: பேச்சுத் தேர்வில் இசைக் கேள்வி வந்தே விட்டது

ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு) பேச்சுத் தேர்வில் இசையைப் பற்றிக் கேட்டால் 'நைஸ்', 'குட்' தவிர வேறு வார்த்தையே வருவதில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா, தேர்வு முடிந்தது. முதல் பகுதியிலேயே இசைதான்!

அதற்கு நீங்கள் சொன்ன யோசனைகளில் நீளமான சொற்பட்டியல்கள் எனக்குக் கைகொடுக்கவில்லை (மனப்பாடம் செய்த 40 சொல்லில் 4 கூட வாயில் வரவில்லை). உதவியது 'கேட்சி ட்யூன்' (சட்டென்று மனதில் ஒட்டும் மெட்டு), 'இட் கெட்ஸ் ஸ்டக் இன் மை ஹெட்' (மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்) மாதிரி சேர்ந்தே வரும் தொடர்கள்தான். இசைக்கருவி வாசிப்பீர்களா என்றதற்கு, ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது, காதால் கேட்டே வாசிப்பேன் என்பதை 'ஐ ப்ளே பை இயர்' என்று சொன்னேன், கச்சிதமாக விழுந்தது.

சொதப்பலும் உண்டு. 'லிசன்' சொன்னால் கூடவே 'டு' வர வேண்டும், இரண்டு முறை விட்டேன். பன்மை ஏற்காத சொல் என்று தெரிந்தும் 'மியூசிக்ஸ்' என்று உளறினேன். பேச்சுத் தேர்வு மதிப்பெண்ணில் சொல்வளத்துக்கு 25 சதவீதம்தான், ஆனால் இலக்கணத்துக்கும் அதே 25 இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

அப்புறம், முடிவு வந்ததும் எழுதுகிறேன்.