பழைய டபுள் பேஸ் எந்த ஊர், எந்தக் காலம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:
எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறோம், ஆள் உயரத்துக்கு ஒரு வயலின் கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனால் டபுள் பேஸ். தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் இல்லை, தந்தி அறுந்து தொங்குகிறது. அது கிடக்கட்டும். முன்பலகையில் f வடிவில் இருக்கும் எஃப் ஓட்டை வழியாக டார்ச் அடித்ததும் உள்ளே சீட்டு: ஸ்ட்ராடிவேரியஸ், கிரெமோனா, ஆண்டு 17 என்று அச்சடித்து மீதி இரண்டு எண் பேனாவால். இத்தாலியின் அந்த ஊரில் 300 வருஷம் முன்பு வயலின் செய்த மேதையின் பெயர். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கே அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மகள் கல்யாணம் வைத்திருக்கிறார். "தம்பி, லட்சக்கணக்கில் போகுமா?" என்றார். டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்தேன். அதே சீட்டின் அடியில் பொடி எழுத்தில் 'மேட் இன் ஜெர்மனி'. இந்த வாசகம் பரவியதே 1887-இல் பிரிட்டனும் 1890-இல் அமெரிக்காவும் போட்ட சட்டங்களுக்குப் பிறகுதான். அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கான சீட்டுகள் அச்சானது உங்களுக்கும் தெரியும். சொன்னேன். "சரி தம்பி" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. அந்த "சரி" இன்னும் உறுத்துகிறது.

குன்னூர் பேஸ் வாசிப்பவர்:
அண்ணா, சீட்டை மட்டும் வைத்துக் காலம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. யாரும் எப்போதும் ஒட்டலாம். வெலிங்டன் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். சீட்டின் ஓரம் பிய்ந்திருந்தது. அடியில் இருந்த மரம் சுற்றியுள்ள மரத்தைப் போலவே கறுத்திருந்தது. அப்படியென்றால் வாத்தியம் பழசான பிறகு ஒட்டியது. அதை விட்டுத் தலையைப் பார்த்தேன். தந்தியை முறுக்கும் கியர்களில் மூன்று தேய்ந்த பித்தளை, நாலாவது மட்டும் வேறு வார்ப்பு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மூன்று தந்தி பேஸ் நிறையப் புழங்கியது, நாலாவது பிறகு சேர்த்தது. அந்தப் பொருந்தாத கியர்தான் அதன் சாட்சி, தொடாதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். மழைக்காலம் முடிந்து போனால் நாலும் பளபளவென்று புதுசு. பழையது எடைக்குப் போய்விட்டது.

கொடைக்கானல் வாசகி:
எங்கள் உறவினர் வீட்டில் ஒன்று கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றது. தட்டை முதுகு, அதனால் ரொம்பப் பழசுதான். ஒரு ஜனவரி ராத்திரி, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முதுகுப் பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது.
தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள். தட்டை முதுகில் உள்ளே குறுக்குச் சட்டம் ஒட்டியிருக்கும். பலகை வறண்டு சுருங்கும்போது சட்டம் விடாது, பலகைதான் கிழியும். நம் மலையில் ஆடியில் சுவரே ஈரம், மார்கழியில் உறைபனி, அதோடு கணப்புச் சூடு. உள்சுவர் ஓரமாக வையுங்கள். ஒட்டு விட்டால் ஃபெவிகால் வேண்டவே வேண்டாம். பழைய வாத்தியம் வச்சிரப்பசையில், அதாவது மாட்டுத்தோல் காய்ச்சிய பசையில், ஒட்டியது. வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகும், அதனால்தான் சேதமில்லாமல் பிரித்துச் சரிசெய்ய முடிகிறது. வார்னிஷைச் சுரண்டிப் புதுசு அடிக்காதீர்கள், பாதி மதிப்பு அதில்தான். முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம். வளர்ச்சி வளையங்கள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வளையங்களை ஒப்பிட்டு, கடைசி வளையம் எந்த ஆண்டு என்று சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள். வாத்தியம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்கவே முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை மட்டும் வளையம் சொல்லாது.

ஊட்டி தச்சர் மகன்:
வாசகி அம்மா, பசை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் தட்டை முதுகு என்றால் பழசு என்பது சரியில்லை. 20-ஆம் நூற்றாண்டிலும் தட்டை முதுகில் செய்திருக்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள். ஊர் தெரிய வேண்டுமானால் உள்மூலைகளைப் பாருங்கள். ஜெர்மனியில் வாத்தியம் செய்யும் ஊர்கள் இரண்டு பிரபலம். மார்க்நாய்கிர்ஷன் பக்கத்து மலிவுச் சரக்கில் மூலைக்கட்டை பெரும்பாலும் இருக்காது, ஒப்புக்கு ஒரு சில்லு ஒட்டியிருப்பார்கள். மிட்டன்வால்ட் வேலையில் பொதுவாக முறையான கட்டை இருக்கும்.
என்னிடம் வந்தது வேறு கதை. சர்ச்சில் வாசிக்கும் பையன், 150 வருஷப் பழசு என்று ஒரு கடைக்காரர் விற்றதைத் தூக்கிக்கொண்டு வந்தான். எஃப் ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவினேன். அடுக்கு அடுக்காகத் தட்டுப்பட்டது. பிளைவுட். அவ்வளவு பழைய பேஸ் பிளைவுட்டில் இருக்காது. ஒரே பலகை என்றால் வெளியில் ஓடும் மரவரி அந்த விளிம்பு வழியாகவே உள்ளே தொடரும். பையனுக்கு விரலைப் பிடித்துக் காட்டினேன், முகம் சுருங்கிப் போய்விட்டது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணம் அது. வாங்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள், கூடலூர் வரைக்கும்கூட வருகிறேன், காசு வேண்டாம்.