துஷ்டிச் செய்தியும் இறப்புப் பதிவும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

சென்ற வாரம் வடக்குத் தெருப் பெரியவர் காலமான செய்தி, வாசலில் பந்தல் போடுமுன்பே நம் ஊர்க் குழுவின் வழியாக மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் நமக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பத்தாருக்கு என் ஆறுதல். கூடவே ஒரு வேண்டுகோள்: அவர் இறப்பை உடனே பதிந்துவிடுங்கள்.

என் அத்தை போய்ச் சேர்ந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறவில்லை. மாமா இறந்தபோது பட்டா மாற்ற வேண்டியிருந்ததால் ஒரே வாரத்தில் சான்றிதழ் வாங்கினோம். அத்தைக்கு, "சொத்தா பத்தா, எதற்கு அலைய வேண்டும்?" என்று விட்டுவிட்டோம். இப்போது பூர்வீக வீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போதுதான் உறைக்கிறது. நிலமும் ஓய்வூதியமும் உள்ளவர்கள் பதிவாகிறார்கள். பெண்களும், பிறந்த சில நாளில் இறந்த குழந்தைகளும் விடுபடுகிறார்கள். இது நம் வீடுகளில் நாமே செய்யும் அநியாயம்.

1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நிமிர்ந்தால் ஐந்து நாள்தான் மிச்சம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாளுக்கு மேல் மேலதிகாரியின் அனுமதி, ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் ஆணை.

இன்னொரு குழப்பம், எங்கே பதிவது என்பது. உயிர் பிரிந்த இடத்தில்தான் பதிவு. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தவரை மதுரையில்தான் பதிவார்கள். நம் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பயனில்லை. வளைகுடாவில் இறப்பவர்களுக்கு அந்நாட்டுச் சான்றிதழோடு இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும். உடல் ஊர் வந்து அடக்கம் ஆனதாலேயே ஊரில் பதிவாகிவிடாது. பெயரையும் கவனியுங்கள். ஆதாரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, கூப்பிடும் பெயர் வேறு என்றிருந்தால் பின்னால் வரும் வேலை பெரிது. பிழை இருந்தால் திருத்தலாம். அசல் பதிவை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பெழுதித் திருத்துவார்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது இறப்பின் காரணம். அத்தைக்கு வயிற்றில் கட்டி இருந்தது. "வயசாச்சு" என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டோம். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதியவை 2020 கணக்கில் 22.5 சதவீதம்தான். கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவர் கட்டணமில்லாமல் அதை எழுதித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நாம் கேட்பதில்லை. பிரேதப் பரிசோதனைக்குப் பயந்து பாம்புக்கடியை நெஞ்சுவலி ஆக்கிய வீடுகளை நம்மூரிலேயே எனக்குத் தெரியும். வீடு வீடாகச் சென்று எப்படி இறந்தார்கள் என்று உறவினரிடம் கேட்டு மதிப்பிட்டபோது, 2000 முதல் 2019 வரை நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாகத் தெரிந்தது. அதே முறையில் சென்னையிலும் விழுப்புரத்திலும் சுமார் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து, காசநோயில் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகைப்பழக்கமும் காரணம் என்று 2003 இல் வெளியிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் உண்மையைச் சொன்னதால் கிடைத்த கணக்கு அது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருப்பு வேண்டும் என்று மனு கொடுக்கிறோமே, கடித்து இறந்தவர்கள் எல்லாம் நெஞ்சுவலியில் போனதாக ஏட்டில் இருந்தால் அந்த மனுவுக்கு என்ன ஆதாரம்?

ஆகவே, இக்குழுவில் துஷ்டிச் செய்தி போடுகிறவர்கள், பதிவு முடிந்ததா என்பதையும் பத்தாம் நாளுக்குள் எழுதுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு உள்ளூர் இளைஞர் ஒருவர் உடன் போய்வர நம் ஊர்ச் சங்கம் ஏற்பாடு செய்யட்டும். ஆகும் செலவில் என் பங்கைத் தருகிறேன்.

அத்தைக்காகக் கோட்டாட்சியரிடம் மனு எழுதிவிட்டேன். அன்று அடக்கத்தின்போது உடனிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி வாக்குமூலம் தரச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. பொங்கல் விடுமுறைவரை காத்திருக்காமல் இந்த மாதமே ஊருக்குப் போகிறேன்.

அன்புடன்,
கீழத்தெருக்காரன், மஸ்கட்