நகவெட்டி என்று எழுதி வந்த பார்சல்

ஈஎக்ஸ்5 (இரவு 8:52)
நேற்று இந்தக் குழுவில் நம் சுங்கை சிப்புட் பெரியவர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "பூட்டு திறக்கிற கம்பியைச் சீனாவிலிருந்து வரவழைக்கிறவன் ஒன்று திருடன், இல்லாவிட்டால் திருடப் போகிறவன். தபால்காரரே போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும்." பெயர் போடாமல் எழுதினால் யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியாதா, கிராணி ஐயா? வரவழைத்தவன் நான்தான். சில கம்பிகள், திருப்பிப் பிடிக்க டென்ஷன் கம்பி, உள்ளே ஊசிகள் நகர்வது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டு ஒன்று. அவ்வளவுதான். நம் மலேசியாவில் 2024 ஜனவரியிலிருந்து 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட வெளிநாட்டுச் சாமானுக்கு 10 விழுக்காடு வரி போடுகிறார்களே, அதையும் கட்டித்தான் வாங்கினேன். எதையும் ஒளித்து மறைக்கவில்லை. இதோ பார்சலோடு படமும் போட்டிருக்கிறேன். என் பூட்டை என் வீட்டு மேசையில் வைத்து, சாவி இல்லாமல் திறந்து பழகுகிறேன், பொழுதுபோக்குக்கு. இதில் யார் வீடு கொள்ளை போனது?

பழைய கிராணி (இரவு 9:03)
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்சல் மேல் ஒட்டிய தாளில் சாமான் விவரம் என்ன போட்டிருக்கிறது? "நகவெட்டி செட்". ஒளித்து மறைக்கவில்லை என்கிறான். நகவெட்டி!

தாமான் அக்கா (இரவு 9:07)
ஐயாவுக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வரிசையில் போன தீபாவளிக்கு முன்னால் ஒரு வீட்டில் புகுந்தார்களே, கம்பி விட்டு நோண்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தான்? கிரில் கதவுப் பூட்டின் வளையத்தைக் கட்டரால் ஒரே வெட்டு. அந்தக் கட்டர் டவுனில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். வாங்குகிறவனிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

பழைய கிராணி (இரவு 9:10)
கட்டரை வாங்குகிறவன் ரசீதில் நகவெட்டி என்று எழுதி வாங்குவதில்லை.

ஈஎக்ஸ்5 (இரவு 9:12)
அதை எழுதியது நான் இல்லை ஐயா. விற்கிறவன் ஒட்டுவது. அங்கே பலரும் எல்லாப் பார்சலிலும் ஏதாவது ஒன்றை எழுதித்தான் அனுப்புகிறார்கள். என் தங்கைக்கு வந்த சுடிதார் துணி மேல் "விளையாட்டுச் சாமான்" என்று இருந்தது. அவளையும் பிடித்துக் கொடுக்கலாமா?

ஈப்போ சட்டம் படிக்கிறவன் (இரவு 9:20)
கொஞ்சம் பொறுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கருவி வைத்திருப்பது ஒன்று, அதைக் கொண்டு என்ன செய்கிறான் என்பது இன்னொன்று, பார்சலில் பொய் விவரம் இருப்பது மூன்றாவது.

நம் நாட்டில் இரவில் வீடு உடைத்துப் புகுந்தால் தண்டனைச் சட்டம் 457. அதிகபட்சம் 5 ஆண்டு, நோக்கம் திருட்டு என்றால் 14 ஆண்டு வரை போகும். தக்க காரணம் இல்லாமல் வீடு உடைக்கும் கருவி வைத்திருப்பதற்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டம் இருக்கிறது. ஆக, "தக்க காரணம்" என்பதுதான் எல்லாமே. வீட்டு மேசையில் பயிற்சிப் பூட்டோடு இருந்தால் அது ஒரு காரணம். அதே கம்பி நள்ளிரவில் அடுத்த தாமானில் (குடியிருப்பில்) கால்சட்டைப் பையில் இருந்தால் என்ன காரணம் சொல்வாய்?

இங்கிலாந்தில் 1968 திருட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தன் வசிப்பிடத்துக்கு வெளியே, திருடும் நோக்கத்தோடு கருவி வைத்திருப்பதைத்தான் குற்றம் என்கிறது. ஜப்பான் 2003இல் இன்னும் இறுக்கமான சட்டம் போட்டது, தொழில் போன்ற நியாயமான காரணம் இல்லாமல் இந்த மாதிரி விசேஷக் கருவி வைத்திருப்பதே அங்கே குற்றம். அமெரிக்காவில் கடையில் வாங்கலாம், ஆனால் அரசாங்கத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றால் பூட்டுத் தொழில் செய்பவர், பூட்டு தயாரிப்பவர், கார் வியாபாரி போன்றவர்களுக்கு மட்டும்தான். அதனால் ஆன்லைனில் வாங்குகிறவன் பார்க்க வேண்டியது விற்கிறவன் நாட்டுச் சட்டத்தை மட்டும் இல்லை. அவன் அனுப்பிவிட்டான் என்பதற்காக இங்கே செல்லும் என்று ஆகிவிடாது.

பழைய கிராணி (இரவு 9:26)
நீளமாக எழுதிய தம்பிக்கு நன்றி. இங்கிலாந்து, ஜப்பான், அமெரிக்கா எல்லாம் சுற்றி வந்தாச்சு. சுங்கை சிப்புட்டுக்கு வாருங்கள். மூன்றாவது என்றீர்களே, பொய் விவரம், அதற்கு என்ன சட்டம்?

ஈப்போ சட்டம் படிக்கிறவன் (இரவு 9:28)
1967 சுங்கச் சட்டம். தவறான விவரம் கொடுப்பது குற்றம்தான். ஆனால் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும்.

பழைய கிராணி (இரவு 9:29)
குற்றம்தான். அவரே சொல்லிவிட்டார். எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள். நகவெட்டி = குற்றம்.

ஈப்போ சட்டம் படிக்கிறவன் (இரவு 9:31)
நான் சொன்னதில் பாதியை வெட்டி எடுத்துக்கொள்கிறீர்கள்.

சாவிக்கடை (இரவு 9:40)
தொழில் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊசிப் பூட்டு ஒன்றும் மாயம் இல்லை. உள்ளே ஐந்து ஊசி, மேலே ஐந்து ஸ்பிரிங். சாவியின் பல் ஒவ்வொரு ஊசியையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால் உருளை சுற்றும். 1861இல் லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய அமைப்பு. இன்றைக்கும் உங்கள் வீட்டுக் கதவில் அதுதான். கம்பிக்காரன் அதே வேலையை ஒவ்வொரு ஊசியாகச் செய்கிறான். ஆனால் பழகாத கை, தினம் உபயோகத்தில் ஓடிக்கொண்டிருக்கிற கதவுப் பூட்டில் போய்ப் போட்டால் ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளும், பிறகு சாவியும் போகாது. அப்புறம் ராத்திரி 11 மணிக்கு எனக்குப் போன். வீடியோ பார்த்து எல்லாரும் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். இது கற்றவன் கையில் மட்டும் இருக்க வேண்டிய சாமான்.

தாமான் அக்கா (இரவு 9:44)
கற்றவன் கையில் இருந்தால் கதவு திறக்க 150 வெள்ளி, விடுமுறை நாள் என்றால் இன்னும் 50. பையன்கள் கற்றுக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று புரிகிறது.

சாவிக்கடை (இரவு 9:46)
அக்கா, அன்றைக்கு மழையில் வந்தேன். பெட்ரோல் காசு யார் கொடுப்பது? குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டது என்று அழுதீர்கள், நான் பேரம் பேசவில்லை.

தாமான் அக்கா (இரவு 9:47)
பேரம் பேசியிருந்தால் 300 கேட்டிருப்பீர்கள்.

ஈஎக்ஸ்5 (இரவு 9:55)
சாவிக்கடை அண்ணே, ஓடுகிற பூட்டில் கை வைக்கக் கூடாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடமே. உலகம் முழுக்கச் சங்கம் வைத்துச் செய்கிறார்கள், ஜெர்மனியில் 1997இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். உன்னுடையது இல்லாத பூட்டை, உரிமையாளர் அனுமதி இல்லாமல், தொடாதே. உன்னுடையதாக இருந்தாலும் தினம் உபயோகிக்கிற பூட்டைத் தொடாதே. இரண்டும் எனக்குத் தெரியும். கம்பியை வீட்டை விட்டு வெளியே எடுப்பதில்லை, மோட்டார் கூடைக்குள் போடுவதில்லை, ஜொகூர் தாண்டிச் சிங்கப்பூர் போகும்போது தப்பித் தவறிக்கூடப் பையில் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ரசீதும் பத்திரமாக இருக்கிறது. இதற்கு மேல் பொறுப்பு என்றால் என்ன வேண்டும்?

பழைய கிராணி (இரவு 9:58)
ரசீதில் என்ன சாமான் என்று இருக்கிறது?

ஈஎக்ஸ்5 (இரவு 9:59)
பூட்டுப் பயிற்சி செட் என்று.

பழைய கிராணி (இரவு 10:01)
ரசீதில் ஒன்று, பார்சலில் ஒன்று. இதைத்தான் சர்வீஸ் முழுக்கத் தோட்ட ஆபீஸில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன். உரம் 40 மூட்டை என்று சலானில் இருக்கும், ஸ்டோரில் 36 இருக்கும். கேட்டால் "அனுப்பினவன் எழுதினது ஐயா" என்பான் மண்டோர், ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி. அதே பதில், அதே முழி.

மூணாவது பத்தி (இரவு 10:06)
கணக்குப் பிடிப்பதில் ஐயா கெட்டிக்காரர்தான். கோயில் உண்டியல் சாவி தொலைந்து, ஆள் கூப்பிட்டு உண்டியலை அறுத்தார்களே, அன்றைக்குப் பொருளாளர் யார்? அந்த ஆண்டுக் கணக்கு இன்னும் பொதுக்கூட்டத்துக்கு வரவில்லை என்று கேள்வி. இந்தத் தம்பி அப்போது இருந்திருந்தால் உண்டியலாவது முழுசாக இருந்திருக்கும்.

பழைய கிராணி (இரவு 10:09)
கணக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. மழையில் கிழிந்தால் நான் என்ன செய்ய முடியும். உண்டியல் பேச்சை இழுப்பவர் யார், எந்த அணிக்காரர் என்று தெரியும். பெயரை மாற்றிக்கொண்டு வந்தால் எழுத்து மாறாது. இப்போது பேச்சு உண்டியல் இல்லை, நகவெட்டி.

மூணாவது பத்தி (இரவு 10:10)
தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற போர்டு எப்படி ஐயா மழையில் நனையும்?

திண்டுக்கல் பேரன் (இரவு 10:15)
இத்தனை பேர் இருந்தும் பூட்டைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊசியாம், ஸ்பிரிங்காம். எங்கள் தாத்தா திண்டுக்கல்லிலிருந்து வரும்போது மாங்காய்ப் பூட்டு ஒன்று கொண்டு வந்தார். லயன் வீட்டில் இருந்த காலம் முழுக்க டிரங்குப் பெட்டியில் அதுதான் தொங்கியது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது இந்திய அரசாங்கம், சும்மாவா? சீனாக்காரன் கம்பி அதில் நுழையக்கூட நுழையாது. அப்படிப் பூட்டு வாங்கிப் போட்டால் இந்தச் சண்டையே வேண்டாம்.

ஈஎக்ஸ்5 (இரவு 10:19)
அண்ணே, புவிசார் குறியீடு என்பது எந்த ஊர்ச் சரக்கு என்பதற்கு. திறக்க முடியாது என்பதற்கு இல்லை. உங்கள் மாங்காய்ப் பூட்டு மாதிரி உள்ளே நெம்புகோல் வைத்த பூட்டும் திறக்கக் கூடியதுதான். 1851 லண்டன் பொருட்காட்சி நேரத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் முடியாது என்று பெருமையடித்த சப் கம்பெனியின் நெம்புகோல் பூட்டைத் திறந்தார். அப்புறம் பிராமா என்ற இன்னொரு லண்டன் கம்பெனியின் பூட்டு. திறப்பவனுக்கு 200 கினி என்று கடைச் சன்னலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது, ஆனால் திறந்துவிட்டார்.

திண்டுக்கல் பேரன் (இரவு 10:22)
லண்டன் பூட்டைத் திறந்தால் லண்டன்காரனிடம் போய்ச் சொல். திண்டுக்கல் பக்கம் அவர் வந்தாரா?

தாமான் அக்கா (இரவு 10:24)
தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று சொல்லவில்லையே.

திண்டுக்கல் பேரன் (இரவு 10:25)
ரஜூலா.

தாமான் அக்கா (இரவு 10:27)
போன தடவை சிதம்பரம் கப்பல் என்றீர்கள். அது 70களில்தான் இந்தப் பக்கம் ஓட ஆரம்பித்தது. தாத்தா ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த காலத்துக்கு முன்பே வந்தவர் என்றும் நீங்களேதான் சொன்னீர்கள்.

திண்டுக்கல் பேரன் (இரவு 10:29)
சிதம்பரத்தில் வந்தது பாட்டியின் தம்பி. வேறு ஆள்.

சாவிக்கடை (இரவு 10:33)
கப்பல் இருக்கட்டும். கடையில் சாவி நகல் 5 வெள்ளி, மோட்டார் சாவி 15. சனிக்கிழமை மத்தியானம் வரை திறந்திருக்கும்.

ஈப்போ சட்டம் படிக்கிறவன் (இரவு 10:36)
ஒரே ஒரு யோசனை. அடுத்த முறை வாங்கும்போது விற்பவனிடம் முன்கூட்டியே, உண்மையான விவரம் எழுதினால்தான் வாங்குவேன் என்று எழுதிக் கேள். அந்த உரையாடலைச் சேமித்து வை. கேள்வி வந்தால் காட்டலாம்.

பழைய கிராணி (இரவு 10:38)
அடுத்த முறை. அப்படியென்றால் இந்த முறை தப்பு. சட்டம் படிக்கிறவரே சொல்லிவிட்டார்.

ஈப்போ சட்டம் படிக்கிறவன் (இரவு 10:39)
நான் அப்படிச் சொல்லவே இல்லை!

பழைய கிராணி (இரவு 10:41)
மேலே ஏற்றிப் படித்துப் பாருங்கள், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ம.இ.கா. தலைவர் சம்பந்தன் 1960இல் நிலக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படாமல் காப்பாற்ற எங்களிடம் காசு கேட்டபோது, சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் ரசீது இருந்தது, ரசீதில் உண்மை இருந்தது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு நகவெட்டிக்கும் பூட்டு நோண்டுகிற கம்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூணாவது பத்தி (இரவு 10:43)
1960இல் நீங்கள் கைக்குழந்தை ஐயா.

பழைய கிராணி (இரவு 10:44)
என் அப்பா கட்டினார். வீட்டில் ரசீது இருக்கிறது. காட்டவா? உங்கள் வீட்டில் யார் கட்டினது?

ஈஎக்ஸ்5 (இரவு 10:50)
திண்டுக்கல் அண்ணே, வீம்புக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு அந்தப் பூட்டைக் கொண்டு வாருங்கள். எல்லார் முன்னாலேயும் திறக்கிறேன். முடியாவிட்டால் எல்லாருக்கும் தேத்தண்ணி என் செலவு. ஒரே நிபந்தனை, உரிமையாளர் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

திண்டுக்கல் பேரன் (இரவு 10:53)
என் தாத்தா பூட்டுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா? வாடா பார்க்கலாம். ஆனால் சாவியைக் கொண்டு வர முடியாது, அது கூலிமில் பெரியப்பா மகனிடம் இருக்கிறது.

ஈஎக்ஸ்5 (இரவு 10:55)
சாவி அவரிடம் என்றால் பூட்டு யாருடையது அண்ணே?

திண்டுக்கல் பேரன் (இரவு 10:56)
பூட்டு என் வீட்டில் இருக்கிறது.

தாமான் அக்கா (இரவு 10:57)
வீட்டில் இருந்தால் சொந்தமா? இதைத்தானே கிராணி ஐயா இரண்டு மணி நேரமாகத் தம்பியிடம் கேட்கிறார்.

பழைய கிராணி (இரவு 10:58)
நான் கேட்டது அது இல்லை. நான் கேட்டது பார்சல் மேல்

ஈஎக்ஸ்5 (இரவு 10:58)
பெரியப்பா மகனும் கையெழுத்துப் போட்டால்தான் தொடுவேன்.

திண்டுக்கல் பேரன் (இரவு 11:01)
அவனிடம் நாங்கள் பேசி ஏழெட்டு வருஷம் ஆகிறது. பாட்டி செத்த வீட்டில் நடந்தது இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம். குடும்ப விஷயத்தில் கம்பி விடாதே.