வெள்ளைக் காரில் பழுப்புப் புள்ளி: கிளே பார் தேய்த்தும் திரும்ப வருது, பானெட்டும் மங்கிப்போச்சு. உதவி தேவை

வில்லிவாக்கத்தான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வெள்ளை ஹேட்ச்பேக், வாங்கி நாலு வருஷம் ஆச்சு. வீடு வில்லிவாக்கத்துல ரயில் லைனை ஒட்டின தெரு. காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் அரக்கோணம் லைன். மேல ஷெட் எதுவும் கிடையாது. கொஞ்ச நாளா ரெண்டு டோர்லயும் டிக்கிலயும் மிளகுத்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. கிட்டப் போய்ப் பார்த்தா ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் டீக்கறை மாதிரி ஒரு மஞ்ச வளையம். ஷாம்பூ போட்டா அசையல. நகத்தால சுரண்டினா ஒன்னு ரெண்டு பெயருது.

வீடியோ பார்த்துட்டு கிளே பார் வாங்கினேன், அதான் பெயின்ட்ல ஒட்டின அழுக்கைத் தேய்ச்சு எடுக்கற களிமண் மாதிரி கட்டி, 100 கிராம், நீலம். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல 11 மணிக்கு ஆரம்பிச்சேன். கூடவே வந்த வழுக்கற ஸ்ப்ரே, பானெட்டைப் பாதி தேய்க்கறதுக்குள்ளயே தீர்ந்துடுச்சு. மிச்சத்துக்கு வெறும் தண்ணி அடிச்சுத்தான் தேய்ச்சேன்.

இப்ப நிலைமை என்னன்னா, பானெட்ல அங்கங்க நீலமா பிசுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு, துடைச்சா இழுபடுது. ராத்திரி தெருவிளக்குல பார்த்தா பானெட் முழுக்க பனி மூடின மாதிரி மங்கல். டோர்ல புள்ளி எல்லாம் அன்னைக்கே போச்சு, தடவினா கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரெண்டு மழை பெஞ்சதும் அதே எடத்துல திரும்ப வந்துடுச்சு. கிளே பார் டூப்ளிகேட்டா? இல்ல நான்தான் சொதப்பிட்டேனா?

சும்மா_ஒரு_ரவுண்டு

ப்ரோ, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ரப்பிங் காம்பவுண்டு (பெயின்ட்டை உரசி மெருகேத்தற பசை) ஒரு டப்பா வாங்கி பனியன் துணியில வச்சு ஒரு தேய் தேய்ங்க. புள்ளியும் போயிடும், மங்கலும் போயிடும். எங்க மாமா அம்பாசடருக்கு வருஷா வருஷம் அதான் பண்ணுவாரு. டூத்பேஸ்ட்டும் வேலை செய்யும்.

கோவை_பஃபிங்

தம்பி, காம்பவுண்டைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் சொல்லுங்க. தேய்க்கும்போது பானெட்டை கையால தொட்டா சூடா இருந்துதா? வட்டமா சுத்தினீங்களா, நேரா இழுத்தீங்களா? கட்டியை இடையில மடிச்சுப் பிசைஞ்சீங்களா? கீழ எங்கயாவது விழுந்துதா?

வில்லிவாக்கத்தான்

அண்ணா, சூடு நல்லாவே இருந்துச்சு. வட்டமாத்தான், வேக்ஸ் போடற மாதிரி. மடிக்கணும்னே தெரியாது, ஒரே பக்கம்தான். ஒரு தடவை கீழ விழுந்துச்சு... பேன்ட்ல துடைச்சுட்டு கன்டினியூ பண்ணிட்டேன்.

கோவை_பஃபிங்

பேன்ட்ல துடைச்சீங்களா, சரி. டிரைவர் பக்கம் பானெட்ல நீளமா ரெண்டு மூணு கோடு தனியா தெரியுமே, பாருங்க. அது தரையில இருந்து வந்த மணல். கிளே கீழ விழுந்தா குப்பைத்தொட்டிதான். எவ்வளவு காசு குடுத்திருந்தாலும் சரி. எங்க கடையில புதுப் பையனுக்கு முதல்ல சொல்ற பாடமே அதுதானுங்க.

கட்டி டூப்ளிகேட் இல்லைங்க. வெயில்ல சூடான தகட்டுல கிளே இளகிடும், இளகினா பெயின்ட்ல அப்பிக்கும். அதான் உங்க நீலப் பிசுக்கு. அடியில வழுக்கற தண்ணி இல்லாததால கட்டி வழுக்காம பிடிச்சு இழுத்திருக்கு. பிடிச்ச அழுக்கை உள்ள மடிக்காம அதையே வச்சு வட்டம் போட்டதால ஊர்ப்பட்ட கீறல். மங்கல்னு சொன்னீங்களே, அது அத்தனையும் மெல்லிசான கீறல்தான். மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரியும்.

இப்ப புள்ளி விஷயத்துக்கு வர்றேன், அதுதான் முக்கியம். அது அழுக்கு இல்லைங்க, இரும்புத்தூள். ரயில் பிரேக் பிடிக்கறப்ப சக்கரமும் தண்டவாளமும் உரசித் தெறிக்கற தூள் உங்க காம்பவுண்டு சுவர் தாண்டி வந்து உக்காருது. வண்ணத்துக்கு மேல இருக்கற நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட்னு சொல்வாங்க, அதுல முள்ளு மாதிரி குத்தி நிக்கும். அப்பறம் ஈரம் பட்டா துருப்பிடிக்கும். அந்த மஞ்ச வளையம் துரு. கறுப்புக் கார்லயும் இது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கிளே என்ன பண்ணும்னா, வெளிய நீட்டிட்டு இருக்கற தலையை வெட்டிடும். அதனாலதான் தடவினா கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அடியில வேர் அப்படியே இருக்கும். மழை பெஞ்சா வேர் திரும்ப துருப்பிடிச்சு அதே எடத்துல எட்டிப் பாக்கும். கோரையை வேரோட பிடுங்காம மேல அறுத்துவிட்ட கதைதான்.

அதுக்கு அயர்ன் ரிமூவர்னு ஒரு திரவம் இருக்கு. அடிச்சா இரும்பு இருக்கற எடமெல்லாம் ஊதாவா மாறி வழியும். முடி நீக்கற க்ரீம்ல இருக்கறதோட சொந்தக்கார ரசாயனம்தான், நாத்தமும் கிட்டத்தட்ட அதே, அழுகின முட்டை. கையுறை போட்டுக்கோங்க, காத்தோட்டமான எடத்துல நில்லுங்க.

சாயங்காலம் வெயில் போனப்பறம், தகடு ஆறினப்பறம் பண்ணுங்க. முதல்ல நல்லா கழுவி, ஒவ்வொரு பக்கமா அடிச்சு, மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் விடுங்க. காய விட்டுடாதீங்க, காஞ்சா கறை பிடிச்சுக்கும். பைப்பைத் திறந்து நிறைய தண்ணி விட்டு அலசுங்க. பலமா இருந்தா ரெண்டாவது தடவையும் அடிக்கலாம். அதுக்கப்பறம் மிச்சம் இருந்தாத்தான் கிளே. நிறைய பேர் இதை மாத்திப் பண்றாங்க.

கிளே போடறதுக்கு முன்னாடி, பளபளன்னு இருக்கற மெல்லிசு பிளாஸ்டிக் கவருக்குள்ள விரலை விட்டு பெயின்ட் மேல லேசா தடவிப் பாருங்க. வெறும் கைக்குத் தெரியாத நொறநொறப்பு கவர் வழியா ரவை மாதிரி தெரியும். எங்க ரவை தெரியுதோ அங்க மட்டும் போடுங்க. கிளே எவ்வளவு மெதுவா போட்டாலும் கொஞ்சமாவது கீறும், அதனால சுத்தமா இருக்கற எடத்துல போடறது வீண்.

உள்ளங்கையில பாதி அளவு துண்டு எடுத்து சப்பாத்தி மாதிரி தட்டிக்கோங்க. வேக்ஸ் கலக்காத கார் ஷாம்பூவை தண்ணியில கலந்து, விரல் வழவழன்னு போற மாதிரி தாராளமா அடிங்க. ரெண்டு கை அகலத்துக்கு மேல ஒரே நேரத்துல எடுத்துக்காதீங்க. நேரா, முன்னும் பின்னும், கட்டியோட கனமே போதும், அமுக்கக்கூடாது. முதல்ல கரகரன்னு பிடிக்கும், அப்பறம் சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பிக்கும். அங்கயே நிறுத்திடணும். உடனே திருப்பிப் பார்த்து மடிச்சு, புது முகம் எடுங்க.

நீலப் பிசுக்குக்கு ஷாம்பூத் தண்ணி நிறைய அடிச்சு, புதுத் துண்டு கிளேயால ஒத்தி ஒத்தி எடுங்க. கிளேயோட கிளே ஒட்டிட்டு வந்துடும். வராத எடத்துக்கு தார் ரிமூவர்.

மேல அம்பாசடர் சொன்னவருக்கு: அந்தக் காலத்துப் பெயின்ட் வேற. உங்க மாமா தேய்ச்சது வண்ணத்தையேதான், துணியும் கலராகும். இப்ப வண்ணத்துக்கு மேல தனியா கிளியர் கோட், அது சுமார் 40 மைக்ரான். ஏ4 தாளோட கனத்துல பாதி கூட வராது. டூத்பேஸ்ட் பல்லுக்குங்க.

மாமரத்தடி

குறுக்க கேக்கறேன், மன்னிக்கவும். என் காருக்கு மேல மாமரம், பிசின் கொட்டுது. கழுவறது போர் தண்ணி, வெள்ளை வெள்ளையா வட்டம். ரெண்டுக்கும் கிளே போதுமா?

கோவை_பஃபிங்

ரெண்டுக்கும் கிளே வேண்டாம்மா. பிசினுக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்ச துணியை அரை நிமிஷம் மேல வச்சு ஊற வச்சு எடுங்க. போர் தண்ணி வட்டம் சுண்ணாம்பு, வெள்ளை வினிகரும் தண்ணியும் சமபாகம், துடைச்சதும் அலசிடுங்க. அப்பவும் வட்டம் தெரிஞ்சா பெயின்ட்டை அரிச்சு உள்ள போயிடுச்சு, பாலிஷ்தான். கழுவினதும் காய விடாம துணியால ஒத்தி எடுத்துட்டா பாதிப் பிரச்சினை வராது.

வில்லிவாக்கத்தான்

அண்ணா, அப்டேட். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு பண்ணேன். டோர்ல அடிச்சு ஒரு நிமிஷம் ஒன்னும் ஆகல, ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சேன். அப்பறம் ஒவ்வொரு புள்ளியில இருந்தும் ஊதாவா ஒரு கோடு இறங்குச்சு பாருங்க! கதவு முழுக்க கோடு கோடா வழியுது. அம்மா வாசல்ல இருந்து பார்த்துட்டு "என்னடா, காருக்கு ரத்தம் ஒழுகுது"ன்னு கத்திட்டாங்க. நாத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை சாத்திட்டாரு.

தண்டவாளம் பக்கம் நிக்கற டோர்ல ரெண்டு தடவை அடிச்சேன், எதிர்ப்பக்கம் ஒரு தடவையே போதுமா இருந்துச்சு. கவர் டெஸ்ட்ல ரூஃப்லயும் டிக்கிலயும் மட்டும் ரவை. அங்க மட்டும் கிளே போட்டேன். கட்டி பழுப்பாயிடுச்சு. பிசுக்கும் நீங்க சொன்ன மாதிரியே வந்துடுச்சு. நடுவுல நல்ல மழை பெஞ்சுது, 12 நாள் ஆச்சு, ஒரு புள்ளி கூட இல்ல.

பானெட் மங்கல் மட்டும் பாக்கி. டிரைவர் பக்கம் அந்த மூணு கோடும்.

கோவை_பஃபிங்

சந்தோஷம் தம்பி. மங்கலுக்கு காம்பவுண்டு வேண்டாம், ஃபைன் பாலிஷ் சின்ன பாட்டில், ஃபோம் பேட். பானெட்ல ஒரு சாண் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி அதுல மட்டும் கையால போட்டுப் பாருங்க. தெளிஞ்சா மிச்சத்துக்குப் போங்க. அந்த மூணு கோட்டுல நகத்தை குறுக்க இழுங்க, நகம் மாட்டினா விட்டுடுங்க, பாலிஷுக்கு அடங்காது.

முக்கியமா, கிளே போட்ட எடத்துல பழைய வேக்ஸ் பெருசா மிச்சம் இருக்காது. இந்த வாரமே வேக்ஸோ சீலன்ட்டோ போட்டுடுங்க, பானெட்டுக்கு மட்டும் பாலிஷ் முடிஞ்சப்பறம். ரயில் எப்படியும் ஓடிட்டேதான் இருக்கும், தூளும் வரும். மேல ஒரு படலம் இருந்தா தூள் ஆழமா குத்தாது. உங்க எடத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அயர்ன் ரிமூவர் பத்தும். கிளே வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் பிளாஸ்டிக் கவர்ல ரவை தெரிஞ்சா.

இன்னொன்னு, தூளைத் தடுக்க கார் கவர் வாங்கலாம்னு தோணும். கழுவாத கார் மேல கவரை இழுத்துப் போட்டா அந்த இரும்புத்தூளை வச்சே வண்டி முழுக்க உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி.

வில்லிவாக்கத்தான்

அண்ணா... கவர் நேத்துதான் ஆர்டர் போட்டேன். கேன்சல் பண்ணிடறேன்.