பழைய கடிதங்களைத் தேட எஃப்3 போதுமா?

பரந்தன் தட்டச்சு:
கடைக்கு வருபவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்றபடியே பழைய கடிதத்தைக் கேட்பார்கள். மவுஸை உருட்டிப் போல்டர் போல்டராகத் திறந்துகொண்டிருக்க முடியாது. விண்டோஸ் விசையோடு ஈ அடித்தால் கோப்புகளின் சாளரம் திறக்கும், போல்டருக்குள் போய் எஃப்3 அடித்தால் தேடல் பெட்டி, அதில் பெயரில் நாலு எழுத்து. அவ்வளவுதான். பிடிஎஃப் மட்டும் வேண்டுமென்றால் நட்சத்திரக் குறி, புள்ளி, பிடிஎஃப் என்று அடியுங்கள். வன்னியில் அலுவலக வேலை செய்யும் எல்லோரும் இதைப் பழக வேண்டும்.

ஒட்டுசுட்டான் லிகிதர்:
அண்ணை, ஒழுங்காகப் பெயர் வைத்த கோப்புக்கு அது சரி. எங்களிடம் உள்ள பழைய கடிதங்களில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. இப்போது அடிக்கும் யுனிகோடில் ‘காணி’ என்று தேடினால் ஒன்றும் வராது. கடிதத்தைத் திறந்தால் காணி அனுமதிப்பத்திரம் என்று தலைப்பிலேயே இருக்கும்! விசையை எவ்வளவு வேகமாக அடித்து என்ன பயன்? ஆண்டு வாரியாக, ஊர் வாரியாக அடுக்கி வையுங்கள். தேடவே தேவையிராது.

பரந்தன் தட்டச்சு:
தம்பி, பாமினிக் கடிதத்துக்குள் கணினி பார்ப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். தமிழாகக் காட்டுவது எழுத்துரு. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, பாமினியில் ‘காணி’ அடிக்கும் அதே விசைகளைத் தேடல் பெட்டியில் அடியுங்கள்: எஃப், எச், இசட், பி. கடிதங்கள் வரிசையாக வரும். டி டிரைவில் வைத்திருந்தால், விண்டோஸின் தேடல் அட்டவணையில் அந்த டிரைவையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் பொதுவாகப் பெயரை மட்டும்தான் பார்க்கும், உள்ளே பார்க்காது.

ஒட்டுசுட்டான் லிகிதர்:
செய்து பார்த்தேன், வருகிறது. ஆனால் பாமினியில் சின்ன பி இகரக் குறி, பெரிய பி ஈகாரக் குறி. விண்டோஸ் தேடல் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. அந்த இடத்தில் சொல் உடைந்துவிடும். ‘காணி’ தப்பியது, ‘விண்ணப்பம்’ தப்பாது. மாற்றலாகிப் போகிறவர் இந்த வித்தையையும் கையோடு கொண்டுபோய்விடுவார். போல்டர் ஒழுங்கு அலுவலகத்திலேயே இருக்கும்.

முள்ளியவளை டீச்சர்:
அந்த ஒழுங்கும் தானாக நிற்காது, தம்பி. எங்கள் கணினியில் ஒரே இடத்தில் ‘கிளிநொச்சி’ என்று இரண்டு போல்டர்கள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றில் ‘நொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியீடு, மற்றதில் கொம்பு தனி, கால் தனி. ஆளுக்கொரு விசைப்பலகையில் அடித்ததால் வந்த வினை. விண்டோஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். விளையாட்டுப் போட்டி முடிவுகள் பாதி இதில், பாதி அதில். பேசாமல் பெயர்களை ஆங்கிலத்தில் வையுங்கள்.

பரந்தன் தட்டச்சு:
டீச்சர், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். முள்ளியவளையை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோமே, அப்புறம் எதை அடித்துத் தேடுவது? ஆண்டையும் மாதத்தையும் இலக்கத்தில் முன்னே வையுங்கள், 2024-05 என்று. ஊர்ப்பெயர் தமிழிலேயே இருக்கட்டும். இலக்கத்தை அடித்தாலே அந்த மாதத்துக் கோப்புகள் வந்துவிடும்.

ஒட்டுசுட்டான் லிகிதர்:
இலக்கம் முன்னே, அது நல்லது. ஆனால் அதுவும் அடுக்கும் வேலைதானே, அண்ணை? இருக்கிற பழையவற்றுக்கெல்லாம் யார் பெயர் மாற்றுவது?

பரந்தன் தட்டச்சு:
எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போகாதீர்கள். ஆள் வந்து கேட்கும்போது தேடி எடுக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கோப்பைத் தெரிவு செய்து எஃப்2 அடித்து அப்போதே பெயரை மாற்றிவிடுங்கள். யாரும் கேட்காதது அப்படியே கிடக்கட்டும்.