பாங்காக்கில் டுக்டுக் (மூன்று சக்கர ஆட்டோ), டாக்சி: ஏமாறாமல் இருக்க?

கேள்வி: அடுத்த மாதம் அம்மா அப்பாவோட பாங்காக் போறோம். அங்க கிராண்ட் பேலஸ் அரண்மனைப் பக்கம் ஏமாத்துவாங்களாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில் 1: “இன்னிக்கு அரண்மனை மூடியிருக்கு, 20 பாட் கொடுங்க, கோயில் எல்லாம் காட்டுறேன்”, இப்படித்தான் ஆரம்பிப்பாங்க (பாட்னா தாய்லாந்துப் பணம்). பேசுறவர் நல்ல உடுப்போட, கையில மேப்போட பணிவா நிற்பார். நம்பிடாதீங்க. அவர் ஏத்திவிடுற டுக்டுக் ரத்தினக் கடைக்கோ தையல் கடைக்கோதான் போய் நிற்கும். ஓட்டுநருக்கு அங்கே கமிஷன். ரத்தினக் கல் வாங்கவே வாங்காதீங்க. அரண்மனை வழக்கமா காலை 8.30 முதல் மாலை 3.30 வரை. வாசல் வரை நடந்து போய் டிக்கெட் கவுன்டர்லயே கேளுங்க. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு வேணும்.

பதில் 2: டாக்சின்னா ஏறுறதுக்கு முன்னாடியே “மீட்டர்?”னு கேளுங்க. சின்ன டாக்சின்னா மீட்டர் 35 பாட்ல தொடங்கும். மறுத்தா விட்டுடுங்க. வாசல்ல காத்து நிற்கிற வண்டியை விட, கொஞ்சம் தள்ளி ரோட்டுல ஓடுறதை நிறுத்துறது மேல்.

பதில் 3: டூரிஸ்ட் போலீஸ் எண் 1155, அப்பா போன்லயும் பதிஞ்சு வைங்க. பைக் வாடகைக்குப் பாஸ்போர்ட்டை அடமானமா கொடுக்காதீங்க.