நான்காம் கியரில் ஓவர்டிரைவ் விட்டுவிட்டுப் பிடிக்கிறது: உங்கள் அனுபவம்?

பச்சை எம்ஜிபி, பர்மிங்காம்:

இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), அதில் லேகாக் கம்பெனியின் எல்ஹெச் ஓவர்டிரைவ். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற கூடுதல் பெட்டி அது, அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றைக் குறைக்கும். எம்5-ல் பிரிஸ்டல் போகும்போது 70 மைல் வேகத்தில் டேக்கோ முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 3,200 பக்கம் நிற்க வேண்டும். திடீரென்று 3,900-க்கு ஏறும், எஞ்சின் கத்தும், பத்து நொடியில் தானாக இறங்கிவிடும். பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "கோன் கிளட்ச் போயிடுச்சு, இறக்கிப் பிரிக்கணும்" என்றார்கள். ஓவர்டிரைவுக்குள் பிடித்துக்கொள்கிற கூம்பு வடிவ கிளட்ச்தான் அது. எம்ஜிபியில் கியர்பாக்ஸை இறக்க எஞ்சினையும் சேர்த்துத் தூக்க வேண்டும், உங்களுக்கே தெரியும். சரி என்றேன். மூன்று வாரம் ஆனது. விடுமுறைக்கு வைத்திருந்த பணம் முழுக்கப் போனது.

வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போதே முள் ஏறியது. ஆத்திரத்தில் கியர் லீவரை வலப்பக்கமாக அழுத்திப் பிடித்தேன். முள் 3,200-க்கு விழுந்தது. கையை எடுத்தேன், ஏறியது. மறுபடி அழுத்தினேன், விழுந்தது. மூன்றாம், நான்காம் கியரில் மட்டும் ஓவர்டிரைவுக்குக் கரன்ட் விடுகிற ஸ்விட்ச் கியர்பாக்ஸில் இருக்கிறதே, அதற்கு அடியில் ஒரு வாஷர் அதிகம், அதனால் லீவர் அதைச் சரியாக அழுத்தவில்லை. அவ்வளவுதான். கழற்றிய பழைய கோனைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டிஆர்6, கென்ட்:

உங்கள் வருத்தம் புரிகிறது அண்ணா. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் அந்த ஸ்விட்சைத் தேடிப் போய்விடக் கூடாது. என் டிரையம்ஃப் டிஆர்6-ல் இருப்பது ஏ டைப், லேகாக்கின் இன்னொரு வகை ஓவர்டிரைவ். ஸ்விட்ச் நன்றாக இருந்தது, கரன்ட் போனது, 'டக்' என்று சத்தமும் கேட்டது, ஓவர்டிரைவ் மட்டும் பிடிக்கவில்லை. நானும் ஒரு பத்து மைல் அப்படியே ஓட்டினேன். கியர்பாக்ஸ் மூடிக்குள்ளிருந்து வார்னிஷ் தீய்கிற வாசனை வந்தது. ஓரமாக நிறுத்தி, தரைவிரிப்பைத் தூக்கிவிட்டுக் கையை விட்டேன். சாலினாய்டு, அதாவது கரன்ட் வந்ததும் ஓவர்டிரைவ் வால்வைத் திறக்கிற மின்காந்தம், தொட முடியாத சூடு.

ஏ டைப் சாலினாய்டில் இரண்டு சுருள். இழுக்கிற சுருள் 15 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். பிளஞ்சர் (சுருளுக்கு நடுவில் நகரும் இரும்புத் தண்டு) கடைசிவரை உள்ளே போனால்தான் அந்தச் சுருளுக்குக் கரன்ட் நின்று, ஒன்றிரண்டு ஆம்பியரில் பிடித்து வைக்கிற சுருளுக்கு மாறும். என் வண்டியில் வால்வைத் திறக்கிற லீவர் அதன் தண்டில் கொஞ்சம் நழுவியிருந்தது. பிளஞ்சர் முழுதாகப் போகவில்லை, வால்வும் திறக்கவில்லை, சுருள் வெந்துபோனது. சாலினாய்டு இழுத்த நிலையில் லீவரில் உள்ள துளை வழியாக 3/16 அங்குல டிரில் பிட் ஓவர்டிரைவ் உடம்பில் உள்ள துளைக்குள் போக வேண்டும். போகவில்லை என்றால் வேறு எதையும் தொடாதீர்கள்.

பட்டறைக்காரன், கோவென்ட்ரி:

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் இரண்டு பேருமே எண்ணெயை மறந்துவிட்டீர்கள். என்னிடம் வந்த ஒரு எம்ஜிபி, ஓவர்டிரைவ் போட்டால் மூன்று நான்கு நொடி வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும். வடித்துப் பார்த்தால் கியர் ஆயில் நாற்றம். யாரோ நல்லது என்று நினைத்து இபி 90 கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு 20டபிள்யூ/50 எஞ்சின் ஆயில்தான். கியருக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய். உராய்வைக் குறைக்கவென்று எண்ணெயில் எது சேர்த்தாலும் கோன் வழுக்கும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பணம் மிஞ்சும். முதலில் எஞ்சினை ஓட விடாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, நான்காம் கியரில் வைத்து ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டுங்கள். அடியில் சத்தம் வருகிறதா? வரவில்லை என்றால் டெஸ்ட் லாம்ப் எடுத்து சாலினாய்டு வயரில் கரன்ட் பாருங்கள். அங்கே இருந்தால் எர்த் பாருங்கள். கார்க்காரர்கள் பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. சத்தம் வந்தும் பிடிக்கவில்லை என்றால் எண்ணெய் அளவைப் பாருங்கள், அப்புறம் அடி மூடியைக் கழற்றி வடிகட்டியைப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் எண்ணெய் பிரஷர் கேஜ்.

இன்னொன்று, அது எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். சட்டென்று விட்டு, சட்டென்று பிடித்தால் பெரும்பாலும் கரன்ட். வண்டி சூடாகாமல் இருக்கும்போது சரியாகப் பிடித்து, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு தாமதமாகப் பிடித்தாலோ, மெதுவாக நழுவினாலோ, பிரஷர். பம்போ வால்வோ ஓ-ரிங்கோ தேய்ந்திருக்கும். பர்மிங்காம் அண்ணா, உங்கள் முள் சட்டென்று ஏறி சட்டென்று விழுந்தது. அதைக் கேட்டதுமே அந்தப் பட்டறைக்காரர்கள் எஞ்சினைத் தூக்கியிருக்கக் கூடாது. இதே தொழில் செய்கிறவனாக எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளை ஜிடி, ஷெஃபீல்டு:

பிடிக்காததைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு விடாமல் போனது. ஸ்விட்சை அணைத்தும் ஓவர்டிரைவ் உள்ளேயே நின்றது. வீட்டு வாசல் சரிவில் ரிவர்ஸ் போட்டு கிளட்ச்சை விட்டேன். வண்டி நகரவில்லை; ஹேண்ட்பிரேக் இழுத்த மாதிரி பின்பக்கம் குந்தியது. அடியில் ஒரு முனகல். உடனே கிளட்ச்சை மிதித்துவிட்டேன். உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற ரோலர் கிளட்ச் இருக்கிறது, இன்னொரு முறை முயன்றிருந்தால் அது உடைந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தள்ளி ஏற்றினோம். இந்த ஓவர்டிரைவ் பெட்டிகள் செய்யப்பட்ட ஊரிலேயே இருந்துகொண்டு, அன்றுவரை எனக்கு இது தெரியாது.

டிஆர்6, கென்ட்:

ஷெஃபீல்டு நண்பரே, பிறகு என்ன காரணம் என்று தெரிந்ததா? வால்வா, கோன் ஒட்டிக்கொண்டதா?

வெள்ளை ஜிடி, ஷெஃபீல்டு:

கோன்தான். வண்டி குளிர்காலம் முழுக்க நின்றிருந்தது. மரச் சுத்தியலால் ஓவர்டிரைவ் பெட்டியின் உடம்பில் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஏழாவதோ எட்டாவதோ தட்டில் 'டொக்' என்று விட்டது.